எல்சாட் ஆர்.சி.: ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார்?

கேட்டவர் ஒரு தங்கச்சி. பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்தவர். இப்போது டொரொன்டோவில் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு. சட்டப் பள்ளியில் சேர எல்சாட் என்ற நுழைவுத் தேர்வை எழுதப் போகிறார். அதில் குட்டி வாதங்களை அலசும் லாஜிக்கல் ரீசனிங் பகுதி கைக்கு வந்துவிட்டது. படித்துப் புரிந்துகொள்ளும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (ஆர்.சி.) பகுதியில் மட்டும் 27 கேள்விக்கு 14, 15க்கு மேல் ஏறவில்லை. "வேகமாகப் படிக்கப் பழகவா, சொல்வளத்தைப் பெருக்கவா? இரண்டு மாதமாக இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன், மார்க் அசையவே இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், தங்கச்சி. லாஜிக்கல் ரீசனிங் செய்ய முடிகிற ஒருவருக்கு ஆங்கிலச் சொல் போதாமல் போயிருக்காது. பல ஆண்டுகளாக வார இறுதிகளில் இந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். 14, 15இல் நிற்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றைத்தான்: படிக்கக் கொடுத்த உரைத்துண்டு, அதாவது பாசேஜ், எதைப் பற்றியது என்று கேட்டால் அழகாகச் சொல்வார்கள். எழுதியவர் அதில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்டால் தயங்குவார்கள். தேர்வு கேட்பது இந்த இரண்டாவதை.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். ஆர்.சி. பகுதிக்கு 35 நிமிடம், நான்கு பாசேஜ், மொத்தம் 27 கேள்வி அளவில் வரும். சட்டம், கலை இலக்கியம், சமூகவியல், அறிவியல் என்று துறைகள் மாறும். நான்கில் ஒன்று, ஒரே பொருளைப் பற்றி இருவர் எழுதிய இரட்டைப் பாசேஜ். இது 2007 ஜூனில் வந்து சேர்ந்தது. தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இது நம்மைப் போல ஆங்கிலத்தைப் பின்னால் கற்றவர்களுக்குப் பெரிய மாற்றம். கேம்ஸுக்கு மொழி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. கட்டம் போடத் தெரிந்தால் போதும். ஆர்.சி.யில் விட்டதை அங்கே பிடித்தவர்கள் பலர். இப்போது மார்க் கணக்கில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங், ஒன்று ஆர்.சி. மூன்றிலும் படிப்புதான் வேலை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மார்க் ஆர்.சி.யில் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போக வழியில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் தமிழ் படித்திருந்தால் நன்னூல் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதன் பாயிரத்தில் 'எழுவகை மதம்' என்று ஒரு சூத்திரம் உண்டு. மதம் என்றால் இங்கே கொள்கை. நூல் எழுதும் ஒருவர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும்போது என்னென்ன செய்யலாம் என்று பவணந்தி முனிவர் அதில் ஏழாகப் பிரிக்கிறார். பிறர் சொன்னதை உடன்படலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம். தானே ஒன்றைச் சொல்லி அதைக் கடைசிவரை நிலைநாட்டலாம். இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒரு பக்கம் சாயலாம். பிறர் நூலில் குற்றம் காட்டலாம். எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளலாம். எல்சாட் பாசேஜுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் காணவில்லை. என் மாணவர்களிடம் இந்த ஏழையும் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுத்து, பாசேஜ் முடிந்ததும் எதுவென்று விரல் வைக்கச் சொல்கிறேன். அதிகம் விரல் போவது மூன்றாவதில்: ஏற்றுக்கொண்டு களைவது. நம் பழைய உரைகளில் 'என்பாரும் உளர்' என்று பிறர் கருத்தைச் சொல்லிவிட்டு அது ஏன் பொருந்தாது என்று காட்டுவார்களே, அதே நடைதான் இது.

சொல்லிக்கொண்டே போவதைவிட ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன். இது பயிற்சிக்காக நானே எழுதிய சின்னப் பாசேஜ். உண்மைத் தேர்வில் இதைப்போல நாலைந்து மடங்கு நீளமும் ஆங்கிலமும் இருக்கும், எலும்புக்கூடு இதேதான்.

"கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகனர் 1912இல் சொன்னபோது அன்றைய நிலவியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வெகனர் வானிலை ஆய்வாளர், நிலவியலுக்கு வெளியாள். அதனால்தான் துறைக்குள் இருந்தவர்கள் காதுகொடுக்கவில்லை என்று சிலர் விளக்கம் தருகிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கண்டங்களை நகர்த்தும் விசை எது என்ற கேள்விக்கு வெகனர் தந்த விடை, அன்றைய இயற்பியல் கணக்குப்படியே போதவில்லை. அதைச் சுட்டிக்காட்டியவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. மறுபக்கம், தென்னாப்பிரிக்க நிலவியலாளர் அலெக்சாண்டர் டு டோய்ட், தென்னமெரிக்காவின் பாறை அடுக்குகளை நேரில் சென்று பார்த்து, தம் நாட்டு அடுக்குகளோடு ஒப்பிட்டு, வெகனரின் பக்கம் நின்றார். எந்தச் சான்று ஒருவரின் கண்முன் இருந்தது என்பதும் அவர் எதை ஏற்றார் என்பதில் பங்கு வகித்தது."

கேள்வி: இந்தப் பாசேஜின் மையக் கருத்து எது?

அ. வெகனரின் கருத்து மறுக்கப்பட்டதற்குக் காரணம் அவர் துறைக்கு வெளியாள் என்பதே.
ஆ. அன்றைய நிலவியலாளர்கள் வெகனரை மறுத்தது முற்றிலும் நியாயமானது.
இ. வெளியாள் என்ற ஒதுக்கலை மட்டும் வைத்து வெகனருக்குக் கிடைத்த வரவேற்பை விளக்கிவிட முடியாது.
ஈ. தென்னமெரிக்கப் பாறைகளை நேரில் பார்த்த டு டோய்ட் வெகனரை ஆதரித்தார்.
உ. ஒரு துறைக்கு வெளியிலிருந்து வரும் கருத்துகளை அத்துறையினர் திறந்த மனதோடு அணுக வேண்டும்.

விடை இ. ஆனால் எனக்கு முக்கியம் மற்ற நான்கும் எப்படி இழுக்கின்றன என்பது. 'அ' பாசேஜில் அப்படியே இருக்கிறது. ஆனால் அது 'சிலர்' சொன்னது, ஆசிரியர் சொன்னதல்ல. வேகமாகப் படிப்பவர் விழும் முதல் குழி இது: சொற்கள் கண்ணில் பட்டவை, ஆகவே சரி என்று தோன்றும். 'ஆ' ஆசிரியர் போகும் திசையில்தான் போகிறது, ஆனால் அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. "தள்ளிவிட முடியாது" என்பது எங்கே, "முற்றிலும் நியாயம்" என்பது எங்கே! 'ஈ' நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் அது வீட்டின் ஒரு தூண், வீடு அல்ல. 'உ' நல்ல அறிவுரை. நமக்கும் அதில் உடன்பாடு இருக்கும். ஆசிரியர் அதைச் சொல்லவே இல்லை.

இப்போது பாசேஜின் கீல் எங்கே என்று பாருங்கள். "இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால்" என்ற இடம். அதுவரை பிறர் பேச்சு. அங்கேதான் ஆசிரியர் வாய் திறக்கிறார். முதலில் பாதி ஏற்கிறார், அடுத்த வாக்கியத்தில் களைகிறார். ஆங்கிலப் பாசேஜில் இதே கீல் 'ஹவெவர்', 'யெட்', 'நெவர்தெலெஸ்' என்ற சொற்களில் இருக்கும். 'டு பி ஷூர்', 'கிராண்டட்', 'அட்மிட்டட்லி' என்று தொடங்கினால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டு உடனே திரும்பப் போகிறார் என்று பொருள். 'நாட் வித்தௌட் மெரிட்' போன்ற இரட்டை எதிர்மறை வந்தால் அது பாராட்டு அல்ல, அளந்து கொடுத்த ஒப்புதல். சொல்வளம் என்று உட்கார்ந்து அரிய சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, இந்த இருபது, முப்பது இணைப்புச் சொற்களின் எடையைத் துல்லியமாக உணர்வது பல மடங்கு பயன்தரும்.

தமிழில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நான் கவனித்த அளவில் சொல்கிறேன். தமிழில் ஒருவர் முடிவாகச் சொல்வது வாக்கியத்தின் கடைசியில், வினைமுற்றில் வந்து விழும். நிபந்தனை, விலக்கு, காரணம் எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, மற்றவை பின்னால் வால் போல நீளும். நம் காது கடைசியில் வருவதற்கே அதிக எடை கொடுக்கப் பழகியது. அதனால் ஆங்கில வாக்கியத்தின் வாலில் தொங்கும் ஒரு விலக்கை அதன் தலை என்று எடுத்துக்கொள்கிறோம். மருந்து எளிது: நீண்ட வாக்கியம் வந்தால் "யார், என்ன செய்தார்" என்ற இரண்டையும் முதலில் பிடியுங்கள். காற்புள்ளிகளுக்கு நடுவே இருப்பதைக் கையால் மறைத்துவிட்டு ஒருமுறை, திறந்துவிட்டு ஒருமுறை படியுங்கள். இரண்டு வாரம் பயிற்சியில் இப்படிச் செய்தால் பிறகு கை தேவைப்படாது.

ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஒரு மூச்சு நில்லுங்கள். "இந்தப் பத்தி என்ன சொன்னது" என்று கேட்காமல் "என்ன செய்தது" என்று கேளுங்கள். 'பழைய கருத்தை வைத்தது', 'அதற்கு ஓட்டை போட்டது', 'உதாரணம் காட்டியது', 'தன் தீர்வைச் சொல்லிவிட்டு அதன் எல்லையையும் சொன்னது' என்று மூன்று, நான்கு சொல்லில் விடை வர வேண்டும். எண்கள், பெயர்கள், வேதியியல் சொற்கள் எதையும் மனதில் சுமக்காதீர்கள். அவை திரையில்தான் இருக்கின்றன, ஓடிப்போகாது. எது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். திரையில் வண்ணம் பூசும் வசதி இருக்கிறது என்று பாதிப் பாசேஜுக்குப் பூசுவதும் வேண்டாம். ஆசிரியர் வாய் திறக்கும் வரிக்கு ஒன்று, புதிதாக ஒருவர் பேசத் தொடங்கும் பெயருக்கு ஒன்று, அவ்வளவே.

அறிவியல் பாசேஜைக் கண்டு பயப்படுபவர்கள் இதைச் செய்து பார்த்தால், அறிவியல்தான் நான்கிலும் சுலபம் என்று வந்து சொல்வார்கள். அதில் யார் யாரோடு முரண்படுகிறார் என்பது பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். கலை விமரிசனப் பாசேஜ்தான் வழுக்கும். அங்கே ஆசிரியரின் சாய்வு ஒரே ஒரு உரிச்சொல்லில் ஒளிந்திருக்கும்.

கேள்விகளில் எப்போதும் ஒரே சட்டம்: நீங்கள் தேர்ந்த விடையின் ஒவ்வொரு சொல்லுக்கும் பாசேஜில் ஒரு வரியை விரலால் காட்ட முடிய வேண்டும். 'மோஸ்ட்', 'ஆல்வேஸ்', 'ஒன்லி', 'பிரைமரிலி' போன்ற ஒற்றைச் சொல்லுக்குக்கூட. காட்ட முடியாவிட்டால் அந்த விடை விழும், மற்றப் பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும். "ஆசிரியர் டு டோய்ட்டைக் குறிப்பிடுவது எதற்காக" என்ற மாதிரிக் கேள்வியில் பலர் டு டோய்ட் என்ன செய்தார் என்பதை விடையாகத் தேர்வார்கள். கேட்டது 'எதற்காக'. சான்று கண்முன் இருந்ததும் ஒரு காரணம் என்று காட்டுவதற்காக. அதைத்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு வகைக் கேள்வியைத் திருத்திக்கொண்டாலே தேர்வுக்கு இரண்டு, மூன்று மார்க் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இரட்டைப் பாசேஜில் முதலாவதைப் படித்ததும் அதன் நிலைப்பாட்டை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். வெற்றுத்தாள் அனுமதி உண்டு. இரண்டாவதைப் படிக்கும்போது, இவர் அவரை நேரில் கண்டால் எந்த வரியில் தலையசைப்பார், எந்த வரியில் "இல்லை" என்பார் என்று யோசித்தபடியே படியுங்கள். கேள்விகளில் பெரும்பாலானவை அந்த இடங்களைச் சுற்றியே வரும்.

நேரத்துக்கு வருவோம். 35ஐ நான்கால் வகுத்தால் ஒரு பாசேஜுக்கு 8 நிமிடம் 45 விநாடி. படிப்பதற்கு மூன்றரை நிமிடம், தேவைப்பட்டால் நான்குகூடக் கொடுங்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் பதறுவார்கள். ஆனால் இரண்டு நிமிடத்தில் ஓடிவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பாசேஜுக்குத் திரும்பி ஓடுபவர்தான் உண்மையில் நேரத்தை இழக்கிறார். அப்படியும் நான்கையும் முடிக்க முடியாவிட்டால் இப்போதைக்கு மூன்றை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். மூன்று பாசேஜில் 20 கேள்வி என்று வைப்போம். அதில் 16 சரி. மீதி 7க்கும் ஏதாவது ஓர் எழுத்தை அடித்துவிட்டால் சராசரியாக ஒன்று, ஒன்றரை ஒட்டும். 17ஐத் தாண்டிவிட்டீர்கள். நான்கையும் அரக்கப்பரக்கச் செய்து எடுக்கும் 14ஐவிட அது மேல். எதையும் வெறுமையாக விட்டுவராதீர்கள். நான்காவதை எப்போது சேர்ப்பது என்பதைச் சரியான விடைகளின் எண்ணிக்கை சொல்லும். கடிகாரத்தைப் பார்த்து அதை முடிவு செய்ய வேண்டாம்.

உங்கள் குறை நேரமா, புரிதலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இங்கே எல்லோரும் பிளைண்ட் ரிவ்யூ என்கிறார்கள். நேரம் வைத்து ஒரு பகுதியை எழுதுங்கள். விடைத்தாளைத் திறக்காமல், அதே பகுதியைக் கடிகாரம் இல்லாமல் மறுபடி செய்யுங்கள். இரண்டு விடைகளையும் தனித்தனியே குறித்துவிட்டு அப்புறம் திருத்துங்கள். முதல்முறை 15, இரண்டாம் முறை 24 என்றால் குறை நேரத்தில். 15, 17 என்றால் புரிதலில். எத்தனை வேகப்பயிற்சி செய்தாலும் அந்த 17 உங்கள் தலைக்கு மேல் கூரையாக நிற்கும். இரண்டு மாதமாக மார்க் அசையவில்லை என்பதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். செய்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

பிறகு பிழைக் குறிப்பேடு. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரி: அந்தத் தவறான விடை என்னை ஏன் இழுத்தது, பாசேஜின் எந்த வரி அதைக் கொல்கிறது. "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது. அது எதையும் சொல்லாது. என்னிடம் வந்த ஒரு மாணவி அறுபது பிழை எழுதியபின் நோட்டைப் புரட்டினார். பாதிக்கு மேல் ஒரே காரணம்: பாசேஜில் வந்த அதே சொற்கள் விடையிலும் இருந்தன, அதனால் எடுத்தேன். அன்றிலிருந்து பாசேஜின் சொற்களை அப்படியே அள்ளி வைத்திருக்கும் விடையைக் கண்டால் அவருக்கு முதலில் சந்தேகம் வரத் தொடங்கியது. சரியான விடை பெரும்பாலும் வேறு சொல் உடுத்திக்கொண்டுதான் வரும்.

அதே மாணவியோடு செய்த இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாசேஜ் முடிந்ததும் திரையை மூடிவிட்டு, சமையலறையில் வேலையாக இருந்த அவருடைய அம்மாவிடம் அதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். சட்டப் பாசேஜ், ஒப்பந்தத்தை மீறியவர் நட்டஈட்டோடு தப்பிவிடலாமா, இல்லை சொன்னதைச் செய்தே ஆக வேண்டுமா என்பது பற்றியது. முதல் இரண்டு பத்தியும் சரளமாக வந்தன. மூன்றாவதில் நின்றுவிட்டார். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "சரி பிள்ளை, அப்ப எழுதின ஆள் என்னதான் சொல்லுறார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை இல்லை. ஆங்கிலத்தில் படித்தபோது மூன்றாம் பத்தி புரிந்தது போலவே இருந்தது. தமிழில் சொல்லப் போனபோதுதான் அது கண்ணை மட்டும் கடந்து போயிருக்கிறது என்று தெரிந்தது. தேர்வு அறையில் மனதுக்குள் மொழிபெயர்க்காதீர்கள், நேரம் போய்விடும். வீட்டில் தினம் ஒரு பாசேஜைத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் சோதனை இது.

பொதுவாசிப்புக்கு என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். நாளிதழ்ச் செய்தி உதவாது, அதில் வாதம் இல்லை. என் பரிந்துரை கனடா உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பான்மை நீதிபதிகள் எழுதியதில் சில பக்கம், மாறுபட்ட நீதிபதி எழுதியதில் சில பக்கம் எடுங்கள். எதிர்வாதத்தை எப்படி எடுத்து வைத்து, எந்த அளவு ஏற்று, எங்கே வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். அந்த ஏழு மதமும் அங்கே வரிசையாக வரும். நீங்கள் படிக்கப் போகும் தொழிலின் மொழியும் அதுதான். தேர்வுப் பயிற்சிக்கு மட்டும் பழைய உண்மைத் தேர்வுகளைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். எல்சாட்டை நடத்தும் எல்.எஸ்.ஏ.சி.யின் லாஹப் தளத்தில் இலவசக் கணக்கிலேயே சில முழுத் தேர்வுகள் உண்டு. மற்றவர்கள் போலச் செய்து விற்கும் கேள்விகளில் தவறான விடைகள் இவ்வளவு கவனமாக நெய்யப்பட்டிருக்காது. அவற்றில் பழகினால் கண் கெட்டுவிடும்.

முதல் மூன்று வாரம் கடிகாரமே வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே பாசேஜ், அதை ஒரு மணி நேரம் பிரித்துப் பாருங்கள். நாலாவது வாரத்திலிருந்து பாசேஜுக்குப் பாசேஜ் நேரம் வையுங்கள். ஆறாவது வாரத்தில் முழுப் பகுதி. நடுவில் மார்க் ஒன்றிரண்டு குறையும், அதைக் கண்டு பழைய ஓட்டத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். படிக்கும் விதம் மாறும்போது எல்லோருக்கும் நடப்பது அது.

இன்றிரவே லாஹப்பில் ஒரு பழைய தேர்வைத் திறந்து, முதல் பாசேஜை மட்டும் படியுங்கள். கேள்விகளைப் பார்க்காமல் மூடிவிட்டு, வீட்டில் யார் விழித்திருக்கிறார்களோ அவரிடம் தமிழில் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுக்கியது என்று இங்கே எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.